சுபேதார் மேஜரின் ரிப்பன்

“கடனாகப் பெறப்பட்ட பொருளை, அதன் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சுத்தம் செய்யவோ, பழுது பார்க்கவோ, பிரிக்கவோ, அதன் எந்தப் பகுதியையும் மாற்றவோ கூடாது.”

நாங்கள் பயன்படுத்திய கடன் ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு இது. ஒழுங்காக நடக்கும் எந்த அருங்காட்சியகத்தின் ஒப்பந்தத்திலும் ஏறக்குறைய இதே சொற்களில் இருக்கும். இதில் புரியாத சொல் எது என்று எங்கள் இயக்குநரிடம் ஒருமுறை கேட்டேன். மிகவும் நல்ல கேள்வி என்றார். கையிலிருந்த காப்பிக் கோப்பையோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நான் மத்திய நியூ ஜெர்சியில் ஒரு வரலாற்று அருங்காட்சியகத்தில் ரெஜிஸ்ட்ராராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அருங்காட்சியகத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நம் ஊர்க்காரர்கள் கூடும் இடங்களில் “எந்த கம்பெனி சார்?” என்று கேட்பார்கள். மியூசியம் என்றால், “ஓ, அவங்களோட ஐடி டிபார்ட்மெண்ட்டா?” என்பார்கள். இல்லை. உள்ளே வரும் ஒவ்வொரு பொருளும் யாருடையது, எந்த நிலையில் வந்தது, எங்கே இருக்கிறது, யார் தொட்டார்கள், எந்த நிலையில் திரும்பிப் போகிறது என்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் ரெஜிஸ்ட்ரார். கண்காட்சியைத் திறந்து வைப்பவர்கள் நன்றி சொல்லும் பட்டியலில் அவன் பெயர் வராது. ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் வரும்.

சில மாதங்களுக்கு முன் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். மென்பொருள் பார்த்துக்கொள்ளுமாம். என்னிடம் உதவியாளராக இருந்த திவ்யா போன் செய்து சொன்னாள். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்த பெண். நான் தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். “அங்கிள், யூ ஷுட் ரைட் இட் டவுன். ஆல் ஆஃப் இட்,” என்றாள். எல்லாவற்றையும் எழுத எனக்கு ஆசையில்லை. ஒன்றை மட்டும் எழுதாமல் விட முடியாது.

படித்த காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் வேதியியல் எம்.எஸ்சி. இங்கே வந்து அருங்காட்சியகவியலில் இன்னொரு பட்டம். அப்புறம் சில வருடங்கள் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. காகிதத்தைக் கரைக்கும் அமிலம் எது, வெள்ளியைக் கறுக்க வைக்கும் நுரைப்பஞ்சு எது, கையுறை போட்டுத் தொட வேண்டியது எது, போடாமல் தொட வேண்டியது எது என்பதெல்லாம் அங்கே கற்றவை. முக்கியமானது ஒன்றுதான். எழுத்தில் இல்லாதது நடக்கவில்லை. எங்கள் தொழிலே அந்த நம்பிக்கையில் நடக்கிறது.

இதே இயக்குநர் என்னை ஊரறியப் புகழ்ந்த நாள் ஒன்று உண்டு. ஒரு பெரிய அருங்காட்சியகத்திலிருந்து நாங்கள் கடன் வாங்கியிருந்த ஓவியத்தை, அவர்கள் சம்மதத்துடன், டெக்சஸில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினோம். பெட்டியோடு லாரியில் நானும் போனேன். அதுவும் ரெஜிஸ்ட்ராரின் வேலைதான். போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது; புது இடத்தின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ளே இருப்பது பழக ஒரு முழு நாள் விட வேண்டும். அங்கே மேயர் வந்து காத்திருந்தார், புகைப்படக்காரர்கள் காத்திருந்தார்கள். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அன்று நான் தங்கியிருந்தது பக்கத்து ஊரான காப்பெலில், கல்லூரி நண்பன் வீட்டில். அவன் இன்றுவரை கேலி செய்கிறான். “ஏன்டா, மேயரே வந்து நிக்கறாரு, நாலு ஸ்க்ரூ கழட்டறதுக்கு என்னடா உனக்கு? உள்ள என்ன குழந்தையா தூங்குது?”

ஊர் திரும்பியதும் இயக்குநர் எல்லாரையும் கூட்டி, விதி என்றால் சந்திராவைப் போல இருக்க வேண்டும் என்றார். சந்திரசேகரன் என்ற பெயரைப் பாதியில் நிறுத்திவிடுவது அவர் வழக்கம். நானும் அன்று மகிழ்ந்துதான் போனேன். பொருளின் சொந்தக்காரர் பெரிய இடமாக இருந்தால் மட்டும் விதி விதியாக இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த இயக்குநரை ஹோல்டன் என்று வைத்துக்கொள்வோம். மிகவும் இனிமையான மனிதர். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. நாம் மின்னஞ்சல் அனுப்பினால் பதில் மின்னஞ்சல் வராது. ஆளே நம் மேஜைக்கு நடந்து வருவார். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பார். நாம் கேட்டதைப் பற்றிப் பேசலாம் என்பார். மேஜை விளிம்பை இரண்டு முறை விரலால் தட்டுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். எழுத்தில் இல்லாதது நடக்கவில்லை என்பதை அவரும் அறிந்திருந்தார். நாங்கள் அதை நம்பி எழுதினோம், அவர் அதை நம்பி எழுதாமல் இருந்தார்.

முதல் உலகப் போரின் நூற்றாண்டு வந்தது. எங்கள் பகுதியில் இன்று வாழும் குடும்பங்களின் முன்னோர் அந்தப் போரில் என்ன செய்தார்கள் என்று ஒரு கண்காட்சி. நல்ல யோசனை. ஹோல்டனின் யோசனைதான், மறுக்கவில்லை. இந்தியக் குடும்பம் ஏதாவது தெரியுமா என்று என்னைக் கேட்டார். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் குமரேசன் என்பவர் வீட்டில் அவருடைய தாத்தாவின் பதக்கங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை போனேன்.

குமரேசனுடைய அம்மா ராஜேஸ்வரி அம்மாள். வட ஆற்காட்டுப் பக்கம். அப்போதே எண்பதை நெருங்கியிருந்தார். பதக்கங்கள் அவருடைய அப்பா முனுசாமியுடையவை. முனுசாமி பாலம் போடும் படைப்பிரிவில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, மெசபொடேமியாவில் ஒரு ஆற்றங்கரையில், குண்டு விழ விழ, காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு மிதவையைத் திரும்பத் திரும்ப ஓட்டியவர். இந்தியப் படைவீரர்களுக்கென்று அன்று இருந்த வீரப்பதக்கம் அதற்காகக் கிடைத்தது. படிப்படியாக உயர்ந்து ஓய்வு பெற்றார். இரண்டாம் போருக்கு மறுபடி கூப்பிட்டார்கள். சுபேதார் மேஜராக பர்மா போய் மறுபடி பாலம் போட்டார். இரண்டு போர்களுக்கும் சேர்த்து ஏழு பதக்கங்கள். விளிம்பில் அவர் பெயர் பொறித்தவை.

சமையலறை மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து நிலை அறிக்கை எழுதினேன். வீரப்பதக்கத்துக்கு வந்ததும் நின்றேன். அதன் ரிப்பன் அரக்குச் சிவப்பு, இரு ஓரமும் கருநீலம். நிறம் சரி. ஆனால் அது பட்டு. கையால் மடித்துத் தைத்தது. ஒரு ஓரத்தில் ஜரிகை இழை ஒன்று தப்பித்து மின்னியது.

“இது படையில குடுத்த ரிப்பன் இல்லையேம்மா,” என்றேன்.

“இல்ல சார். அது எங்கம்மாவோட கூறைப்பொடவ.”

முதல் போரின் ரிப்பனைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. திரும்பப் படைக்குக் கிளம்பும்போது பதக்கங்களோடு அணிவகுப்பில் நிற்க வேண்டும். போர்க்காலம், புது ரிப்பன் எங்கும் கிடைக்கவில்லை. ராஜேஸ்வரி அம்மாளின் அம்மா தனபாக்கியம், தன் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையின் கரையில் ஒரு துண்டு கத்தரித்துத் தைத்துக் கொடுத்தார்.

“பரேடுல வெள்ளக்கார கர்னல் பக்கத்துல வந்து உத்துப் பாத்தானாம். என்னய்யா, ரிப்பன் பளபளங்குதேன்னு கேட்டானாம். எங்கப்பா சொன்னாராம், நெறம் ரூல்படிதான் சார், நூல் மட்டும் வீட்டுதுன்னு. அவன் ஒண்ணும் சொல்லாம அடுத்த ஆளுகிட்ட போயிட்டானாம்.”

குமரேசன் சிரித்தார். இந்தக் கதையைப் பலமுறை கேட்டவர் போலிருந்தது. அம்மாள் சிரிக்கவில்லை.

“அவரு பர்மாவுல இருக்கும்போது எங்கம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. சுமங்கலியா போனவங்கள கூறைப்பொடவையதான் உடுத்தி எடுத்துட்டுப் போவாங்க. அதோட அதுவும் போச்சு. போட்டோ ஒண்ணு கூட கெடையாது சார். எனக்கு அவங்க மொகமே நெனப்பில்ல. அப்பா திரும்பி வந்து பெட்டியத் தெறந்தப்ப எல்லாரும் மெடலப் பாத்தாங்க. நான் இந்தத் துணியத்தான் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

அறிக்கையில் எழுதினேன்: “கையால் தைத்த பட்டு ரிப்பன். உரிமையாளரின் தாயாருடைய திருமணப் புடவையிலிருந்து எடுக்கப்பட்டது. மாற்றக் கூடாது.” கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே கோடு போட்டேன். எல்லாக் கோணத்திலும் படம் எடுத்தேன். ஒப்பந்தத்தைப் பிரிவு பிரிவாகத் தமிழில் படித்துக் காட்டினேன். ஆறாவது பிரிவையும், கடன் முடிந்து ஐந்து ஆண்டுக்குள் திரும்பப் பெறாத பொருள் கொடையாகக் கருதப்படும் என்ற பதின்மூன்றாவது பிரிவையும்.

“அஞ்சு வருஷமா? அடுத்த வருஷம் வந்துருமில்ல?” என்றார்.

“வந்துரும்மா.”

“நீங்க வந்து கேட்டதால குடுக்கறேன் சார்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கண்காட்சி திறப்பதற்கு முந்தைய வாரம் வேறொரு கடன் பொருளைத் திருப்பிக் கொடுக்க நான் சான் ஹோசே போயிருந்தேன். அந்த வாரம் ஹோல்டன், பதக்கங்களில் நிபுணர் என்று ஒருவரை வரவழைத்தார். நிபுணர் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்து, வீரப்பதக்கத்தின் ரிப்பன் தவறு என்றார். முன்னாள் ராணுவத்தினர் யாராவது பார்த்தால் புகார் எழுதுவார்கள் என்றார். தன் பையிலேயே சரியான ரிப்பன் வைத்திருந்தார். பழையதைக் கத்தரித்து எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார். போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்கார கர்னல் பார்த்துவிட்டு விட்டதை, குளிரூட்டிய அறையில் நின்ற ஒரு நிபுணரால் விட முடியவில்லை.

நான் திரும்பி வந்து பெட்டியைப் பார்த்த நிமிடம் புரிந்துவிட்டது. புது ரிப்பன் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஹோல்டனிடம் போனேன்.

“பழைய ரிப்பன் எங்கே?”

“சந்திரா, இப்போது எவ்வளவு எடுப்பாக இருக்கிறது, பார்த்தாயா?”

“அறிக்கையில் மாற்றக் கூடாது என்று எழுதியிருக்கிறேன். கீழே கோடு போட்டிருக்கிறேன்.”

“நல்ல அறிக்கை. உன் அறிக்கைகள் எப்போதுமே நன்றாக இருக்கும்.”

“எங்கே?”

“இதைப் பெரிய விஷயமாக்க வேண்டாமே.” மேஜை விளிம்பை இரண்டு முறை தட்டினார்.

பிரித்தெடுத்த எதையும், அறுந்த நூலையும் உதிர்ந்த துருவையும்கூட, உறையிலிட்டு எண் எழுதி வைக்க வேண்டும். அது விதி. உறை இல்லை, எண் இல்லை. நிபுணருக்கு நினைவில்லை. உதவிக்கு நின்ற ஊழியர் ஏதோ ஒரு இழுப்பறையில் போட்டதாகச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் எத்தனை இழுப்பறைகள் என்று எனக்குத்தான் தெரியும். கண்காட்சி நடந்த நாளெல்லாம், வேலை முடிந்தபின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கிடைக்கவில்லை.

அம்மாளிடம் நானே போய்ச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வெட்டியா எடுத்தான்? தையலப் பிரிச்சா?” என்று மட்டும் கேட்டார். வெட்டி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கண்காட்சி முடிந்து பொருட்களைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. திரும்பப் பெறும் ரசீதில் ஒரு வரி உண்டு: “கொடுத்த நிலையிலேயே பெற்றுக்கொண்டேன்.” அம்மாள் அதைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“கொடுத்த நெலையிலயா இருக்கு?”

“இல்லம்மா.”

“அப்ப எப்படி நான் கையெழுத்துப் போடுவேன்?”

அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். உரிமையாளருக்கு அந்த உரிமை உண்டு. அதைச் சொன்னேன். அடித்துவிட்டு, ஒரு ரிப்பன் வரவில்லை என்று தமிழில் எழுதினார். ரசீது மேலே போய்த் திரும்பி வந்தது. திருத்திய ரசீதை ஏற்க முடியாது, அப்படியே கையெழுத்திட்டால் அன்றே தருகிறோம் என்றார் ஹோல்டன். வழக்கம் போல, வாயால்.

குமரேசன் பொறுமை இழந்தார். “அம்மா, தாத்தாவோட மெடல் மொத்தமும் அங்க கெடக்கு. ஒரு முழம் கூட இல்லாத துணிக்காக எல்லாத்தையும் விடப்போறியா? போட்டுட்டு வாங்கிட்டு வந்துடலாம்மா.”

“மெடல் ராஜா குடுத்தது. துணி எங்கம்மா குடுத்தது. ராஜாவோடத வாங்கறதுக்காக எங்கம்மாவோடது வந்துருச்சின்னு பொய் எழுதிக் குடுக்கணுமா?”

“சார், நீங்களாவது சொல்லுங்க.”

நான் சொன்னது பதின்மூன்றாவது பிரிவைத்தான். கையெழுத்துப் போட்டால் ரிப்பனைக் கேட்கும் உரிமை போய்விடும். போடாமல் ஐந்து ஆண்டு போனால் பதக்கங்களும் அவர்களுடையதாகிவிடும் என்று வாதாடுவார்கள். ஒவ்வொரு ஆண்டும் பதிவுத் தபாலில் என் பொருளைக் கொடு என்று எழுதிக்கொண்டிருந்தால் அந்த வாதம் நிற்காது.

“அப்ப எழுதுவோம்,” என்றார்.

முதல் கடிதத்தை, அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த நானே எழுதிக் கொடுத்தேன். ஹோல்டனுக்கு எழுத்தின் நடை தெரிந்திருக்க வேண்டும். என் மேஜைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பிறகு கோவிட் வந்தது. பதில் எழுதாமல் இருக்க அதைவிட நல்ல காரணம் யாருக்கும் கிடைத்ததில்லை. நான் ஓய்வு பெற்றேன். கேக் வெட்டினார்கள். அடுத்த ஆண்டும் கடிதம் எழுதினோம். அதற்கடுத்த ஆண்டும்.

ஒரு நாள் திவ்யாவிடமிருந்து போன்.

“அங்கிள், ஐ ஃபவுண்ட் இட். இட்ஸ் இன் த டச் பாக்ஸ்.”

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரும்போது அவர்கள் கையால் தொட்டு விளையாடுவதற்கென்று ஒரு பெட்டி உண்டு. உடைந்தாலும் கிழிந்தாலும் பரவாயில்லை என்ற பொருட்கள் மட்டும் அதில் போகும். கல்விப் பிரிவினர் இழுப்பறையிலிருந்து எடுத்து அதில் போட்டிருக்கிறார்கள். ஒரு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். “தெற்காசியத் துணி மாதிரி. இடமும் காலமும் தெரியவில்லை.” ராஜேஸ்வரி அம்மாள் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை காலமும், பேருந்து பேருந்தாக வந்த பிள்ளைகள் அதைக் கசக்கியிருக்கிறார்கள். அவர்கள் மீது குற்றமில்லை. தொடு என்றார்கள், தொட்டார்கள்.

நான் எடுத்த படங்களையும் அறிக்கையையும் அம்மாள் பெயரில் அனுப்பினோம். பதில் இல்லை. நானே ஹோல்டனைப் போனில் பிடித்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

“அந்த ரிப்பனைத் திருப்பிக் கொடுங்கள்,” என்றேன்.

“சந்திரா, உன் அறிக்கையில் ஒரு ரிப்பன் இருக்கிறது. எங்கள் பெட்டியில் ஒரு துணி இருக்கிறது. இதுதான் அது என்று யார் சொல்ல முடியும்? அதற்கு இப்போது எங்கள் எண் இருக்கிறது. எங்கள் சேகரிப்பில் உள்ள ஒரு பொருளை நான் எப்படி ஒரு தனிநபருக்குத் தூக்கிக் கொடுப்பேன்? விதி என்று ஒன்று இருக்கிறதே.”

எனக்கே விதி சொன்னார். போனை வைத்தபின் வெகு நேரம் என்னால் உட்கார முடியவில்லை. குமரேசன் வக்கீல் ஒருவரைக் கேட்டார். அந்தத் துணியின் மதிப்பு என்ன என்று வக்கீல் கேட்டாராம். அதோடு குமரேசன் திரும்பி வந்துவிட்டார். திவ்யா தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தாள்: தொடு பெட்டியிலிருந்து அதை எடுத்து, அமிலமில்லாத தாளில் சுற்றி, பதக்கங்கள் இருந்த அதே பெட்டியில், அவற்றின் பக்கத்தில் வைத்தாள். கணினியிலும் இடம் மாற்றப்பட்டது என்று பதிந்தாள். கொஞ்ச நாளில் அவளுக்கும் வேலை போயிற்று.

ஐந்து ஆண்டு முடிந்தது. கடைசிக் கடிதம் போன பிறகு அம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு இப்போது எண்பத்தேழு. பிறகு குமரேசன் கூப்பிட்டார். “சார், மியூசியத்துலேர்ந்து கவர் வந்திருக்கு. உங்கள வெச்சிக்கிட்டுத்தான் பிரிக்கணுமாம்.”

போனேன். அதே சமையலறை மேஜை. உறையைக் கத்தியால் பிரித்தேன். நல்ல கனமான தாள். கீழே ஹோல்டனின் கையெழுத்து, மையில். அவர் கையெழுத்தை ஒரு தாளில் பார்ப்பது எனக்கே புதிதாக இருந்தது.

“என்னா எழுதியிருக்கான்?” என்றார் அம்மாள்.

“உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கான்.”

“எதுக்கு?”

“பதக்கங்களை மியூசியத்துக்குக் கொடையா குடுத்ததுக்கு. உங்க தாராள மனசு தலைமுறை தலைமுறையா நினைக்கப்படுமாம். வரிவிலக்குக்கு இந்தக் கடிதத்தையே காட்டலாமாம்.”

அவர் மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் எப்ப சார் குடுத்தேன்?”

குமரேசன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கொடையின் பட்டியல். கணினி, அந்தப் பெட்டியில் இருந்ததையெல்லாம் அப்படியே அச்சிட்டிருந்தது. சரிபார்க்க இப்போது அங்கே ரெஜிஸ்ட்ரார் இல்லை. ஒன்று முதல் ஏழு வரை பதக்கங்கள். எட்டாவது வரியை இரண்டு முறை படித்தேன்.

“என்னா சார், நிறுத்திட்டீங்க?”

“எட்டாவதா துணி ஒண்ணு, பட்டு, அரக்கும் கருநீலமும்னு போட்டிருக்கு. குடுத்தவர் பேருன்னு உங்க பேரு போட்டிருக்கு. கீழ அவன் கையெழுத்து.”

“எங்கம்மாவோடத நான் குடுத்தேன்னா?”

“ஆமா. நீங்க குடுத்தீங்கன்னு சொல்லணும்னா, அது உங்களோடதா இருந்திருக்கணும்.”

அவர் கையை நீட்டினார். தாளைக் கொடுத்தேன். எட்டாவது வரி எது என்று கேட்டார். காட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “கொமரேசா, அந்த வக்கீலு நம்பரு இருக்கா?” என்றார்.

உறையை என் பக்கம் இழுத்து, அதன் மூலையில் பெறப்பட்ட தேதியை எழுதினேன்: செப்டம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை.